கல்யாண மண்டபத்தில் டிரோன்: பாராசூட் காப்பாற்றுமா?

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். நானே பூட்டிய நான்கு மோட்டார் டிரோன், கேமராவோடு 1.6 கிலோ; அதை இயக்குவது ஆர்டுபைலட் என்ற மென்பொருள். போன முகூர்த்தத்தில் அலங்காரத் துணியில் சிக்கி மேடைக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பாராசூட் மாட்டலாமா?

பதில்: மண்டபத்துக்குள் பறக்கத்தான் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும். அதற்குள் கோளாறு தெரிந்து, மோட்டார் நின்று, பாராசூட் துணி வெளியே வந்து விரிய வேண்டும். நடக்கிற காரியமில்லை.

வெளியே 30 மீட்டரில் கதையே வேறு. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், உங்கள் டிரோன் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், சுமார் 470 ஜூல் ஆற்றலோடு வந்து மோதும். பாராசூட் அந்த வேகத்தை நொடிக்கு 5 மீட்டராகக் குறைத்தால் மிஞ்சுவது 20 ஜூல். ஆனால் மோட்டார்கள் முதலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கயிறு இறக்கையில் சுற்றிக்கொள்ளும். விரிக்கும் கருவிக்குத் தனி பேட்டரி வையுங்கள். விழுவதற்குக் காரணமே மெயின் பேட்டரியாகவும் இருக்கலாம்.

உள்ளே உங்களுக்கு வேண்டியது இறக்கைக் காப்பு. 10 அங்குல இறக்கை நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகிறது. விரல் தாங்காது. கடையில் கிடைக்கும் அரைவட்டக் காப்பு சுவரில் முட்டாமல் காக்கும், அவ்வளவுதான். முழு வளையமும் மேலும் கீழும் வலையும் இருந்தால்தான் துணியும் குழந்தையின் கையும் தப்பும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வளையத்தைப் பக்கவாட்டில் கையால் நன்றாக அழுத்தி, இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். உரசினால் அந்த வளையம் வேண்டாம். எடை கூடும், பறக்கும் நேரம் குறையும், வேறு வழியில்லை.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலில் டிரோனைக் கிளப்பி அப்படியே உள்ளே ஓட்டி வருவீர்கள். வாசலில் பிடித்த ஜிபிஎஸ் உள்ளேயும் அரைகுறையாகத் தொடரலாம். அந்த நேரத்தில் ரிமோட் சிக்னல் போனால், 'கிளம்பிய இடத்துக்குத் திரும்பு' என்ற அமைப்பு டிரோனை முதலில் மேலே ஏற்றும். ஆர்டுபைலட்டில் நீங்கள் மாற்றாதவரை அந்த உயரம் 15 மீட்டர். நடுவில் மின்விசிறி இருப்பது அதற்குத் தெரியாது. உள்ளே பறக்கும்போது அதை 'நின்ற இடத்திலேயே இறங்கு' என்று மாற்றிவிடுங்கள். அது கீழே ஆள் இருக்கிறாரா என்று பார்த்து இறங்காது என்பதால் நாற்காலி வரிசைக்கு மேலே போகவே போகாதீர்கள். நடைபாதைக்கு மேலே மட்டும் ஓட்டுங்கள்.

இந்தப் பாராசூட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஓர் உயரம் இருக்கிறது: பாராசூட் விரிய இடம் போதாது, வளையம் தாங்க முடியாத வேகம். அந்த உயரத்தில் எந்தக் கருவியும் உதவாது. கீழே ஆள் இல்லாமல் இருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

என்னைக் கேட்டால், உள்ளே எடுக்க இறக்கைகள் முழுக்க மூடிய, 250 கிராமுக்குள் அடங்கும் சின்ன டிரோன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது முட்டினால் பெரும்பாலும் தாம்பூலத் தட்டு கவிழ்வதோடு போய்விடும். 1.6 கிலோவை வாசலோடு நிறுத்துங்கள்.