பூனைகள் இருக்கும் வீட்டில் நாய்க்குட்டி பழகுமா?

திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். இரண்டு மாதக் குட்டி வந்து நாலு நாள் ஆகிறது, இரண்டு பூனைகளையும் விடாமல் துரத்துகிறது என்கிறீர்கள். நாலு நாள் எல்லாம் ஒரு கணக்கா? எங்கள் வீடு அடங்க ஒன்றரை மாதம் பிடித்தது.

மதுரையில் மாடி போர்ஷன் எங்களுடையது. ஆறு வயதுக் கருப்பி, ஒரு வயதுக் கடுவன் சோமு என்று இரண்டு பூனைகள். போன தை மாதம் கொழுந்தனார் விருதுநகர்ப் பக்கமிருந்து சிப்பிப்பாறைக் கலப்புக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். முயல் விரட்டின வம்சம், எது ஓடினாலும் பின்னாலேயே ஓடும். "நாயும் பூனையும் ஒரே வீட்லயா? விளங்கும்!" என்றார் அத்தை.

முதல் நாளே தப்புச் செய்தேன். குட்டியைத் தூக்கிக் கருப்பியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். என் முன்கையைக் கிழித்துவிட்டுப் பரணில் ஏறியவள் மறுநாள் சாயங்காலம்தான் இறங்கினாள். (பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டருக்குப் போன் போடுங்கள். பட்டினி நீண்டால் அதற்கு ஈரல் கெடும்.)

இறங்கியவள் முன் குட்டி முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டியது. நாய் பாஷையில் அது 'வா, விளையாடலாம்'. பூனைக்கோ பாயப்போகிற தோரணை. போதாததற்குப் பூனை வாலை அடித்தால் எரிச்சல் என்று அர்த்தம். கருப்பி நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு மூக்கில் டப் டப்பென்று இரண்டு போட்டாள். குட்டி வீல் என்று கத்திக்கொண்டு சோபா அடியில். அன்றோடு அவள் பக்கம் வழக்கு முடிந்தது. இப்படித் தட்டும் பூனையைத் திட்டாதீர்கள். நகநுனியை மட்டும் வெட்டிவிடுங்கள், குட்டியின் கண்ணில் பட்டால் வம்பு.

நிஜத் தலைவலி சோமு. பார்த்த மாத்திரத்தில் ஓடுவான், ஓடினால் குட்டி விடுமா? ஆகவே அவன் ஓடத் தேவையே இல்லாதபடி வீட்டை மாற்றினோம். படுக்கையறை வாசலில் முழங்கால் உயரப் பலகை. பூனை தாண்டும், குட்டிக்கு எட்டாது. பீரோ மேல் பழைய போர்வை, ஏற வசதியாகப் பக்கத்தில் ஸ்டூல். பூனைக்கு உயரம் இருந்தால் பாதி பயம் போய்விடும். சோமு படுத்த துணியைக் குட்டியின் சாக்கிலும், குட்டியின் துணியைப் பீரோ மேலும் மாற்றி மாற்றிப் போட்டேன், வாசனை பழகட்டும் என்று.

தடுப்பூசி முடியாததால் தெருவுக்குக் கூட்டிப்போகவில்லை. மொட்டைமாடியில் ஓடவிட்டுக் களைத்த பிறகுதான் சோமு எதிரே உட்காரவைப்பேன். கழுத்துப் பட்டையில் லேசான கயிறு; துரத்தக் கிளம்பினால் கயிற்றை மிதித்தால் போதும். சோமுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை என் பக்கம் திருப்பினால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. ஐந்து நிமிஷம், தினம் மூன்று தடவை. பத்தே நாளில் சோமு வந்தாலே என் கையைப் பார்க்க ஆரம்பித்தது, கள்ளப்பயல்!

பூனை வெளிக்குப் போகும் லிட்டர் பாக்ஸை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். ஏன் என்பதை நீங்களே பார்ப்பீர்கள், சாப்பாட்டு நேரத்தில் விவரிக்க முடியாது. பூனைச் சாப்பாடும் மேலேயே இருக்கட்டும். நாய்ச் சாப்பாட்டையே பூனைக்கும் போட்டுச் சமாளிக்கவும் கூடாது. பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து அதில் போதாது.

இன்னொன்று, இதை மறக்கவே மறக்காதீர்கள். குட்டிக்கு உண்ணி வந்தபோது கழுத்தில் விடும் சொட்டு மருந்து வாங்கினேன். மிச்சத்தைப் பூனைகளுக்கும் விட இருந்தேன். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன், பதறிவிட்டார். நாய் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையின் உயிரையே எடுத்துவிடும். நாய்க்குப் போட்டாலும் காயும்வரை பூனை உரசாமல் பிரித்து வைக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம்.

இப்போது குட்டிக்கு எட்டு மாதம். கருப்பி அதன் முதுகில் சாய்ந்து தூங்குகிறாள். சோமு இன்னும் ஒட்டுவதில்லை, ஆனால் அதன் மூக்கு முன்னால் நிதானமாக நடந்து போகிறான். எனக்கு அது போதும். நாங்கள் வெளியே கிளம்பினால் மட்டும் இன்றைக்கும் தனித்தனி அறைதான்.