ஒரு கோலும் அடிக்காத மகள் எதற்கு விளையாட வேண்டும்?

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. ஏ/எல் கலைப்பிரிவு முதல் வருடம். பாடசாலை உதைபந்தாட்ட அணியில் நடுக்களத்தில் விளையாடுகிறாள்; மாகாண மட்டம் வரை போயிருக்கிறாள். “இவ்வளவு நாளா ஓடுறாள், ஒரு கோலும் அடிக்கல்ல. நிப்பாட்டிப்போட்டு ரியூசனுக்குப் போகட்டும்” என்கிறார் அவளுடைய அப்பா. இதற்கிடையில் ஒருவர், அமெரிக்கக் காலேஜில் விளையாட்டுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த முற்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நடுக்களத்தில் நிற்கிற பிள்ளையைக் கோல் கணக்கால் அளக்க முடியாது. அடுத்த மேட்ச் வெபர் மைதானத்தில் நடந்தால் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு மகளை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருமுன் இரண்டு தோள் பக்கமும் திரும்பிப் பார்க்கிறாளா? பின்னால் யார் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் வெளியாகக் கிடக்கிறது என்று கண்டுவைத்தவள், பந்து காலில் பட்டதுமே ஆட்டத்தை மற்றப் பக்கம் திருப்பிவிடுவாள். பார்க்காதவள் பந்தை நிறுத்தித் தலை நிமிர்த்துவதற்குள் எதிரணியில் இரண்டு பேர் வந்து மறித்துவிடுவார்கள். நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை வீடியோவில் கவனித்துக் கண்டதும் இதுதான்: பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்தான் கூடுதலாகச் சரியாய்ப் போய்ச் சேருகிறது. இந்தப் பழக்கம் உங்கள் மகளிடம் இருந்தால், கோல் அடித்தவளுக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்பதையும் அவளுடைய அப்பாவுக்குக் காட்டுங்கள்.

ஸ்பெயினின் அயிட்டானா பொன்மத்தியும் நடுக்கள ஆட்டக்காரிதான். 2023இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 2023, 2024, 2025 மூன்று வருடமும், உலகின் சிறந்த ஆட்டக்காரிக்குக் கொடுக்கும் பலோன் டோர் விருது அவருக்கே. அது தூரத்துக் கதை என்றால், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகளைச் சொல்லுங்கள். அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் தூக்கிய தமிழ்ப் பிள்ளைகள் அவர்கள்.

இனி அமெரிக்கா. அங்கே கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1972இல் சட்டம் வந்த பிறகுதான் காலேஜ்களில் பெண்கள் அணிகள் பெருகின. என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் மூன்று பிரிவுகளில் காலேஜ்கள் விளையாடுகின்றன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசிலே கிடையாது. மற்ற இரண்டிலும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் முழுச்செலவும் கிடைப்பதில்லை. அணிக்கு ஆள் எடுப்பவர் பயிற்றுநர். அவருக்கு உங்கள் மகளே நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. கட்ட வேண்டிய கட்டணம் ஏதும் இருந்தால் அந்தக் காலேஜுக்கோ அமைப்புக்கோ நேரே கட்டுங்கள். வீடியோ கேட்பார்கள், ஒரு மேட்சை முழுதாக, உயரமான இடத்தில் நின்று போனில் எடுத்து வையுங்கள். பந்து காலில் இல்லாத நேரம் அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் நடுக்களத்துக்கு ஆள் தேடுகிறவருக்குப் பார்க்க வேண்டியது. பெறுபேறும் ஆங்கிலமும் கட்டாயம் பார்ப்பார்கள்.

ஆக, ஏ/எல்லை எந்த வழியிலும் தவிர்க்க முடியாது. உள்ளூரிலும் அப்படித்தான். சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு சார்ந்த பட்டப்படிப்புகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை இப்போதே வாங்கி, எந்தப் பாடங்கள் வேண்டும் என்று மகளுடன் இருந்து வாசியுங்கள். சான்றிதழ் ஒன்றையும் தொலைக்க வேண்டாம். பயிற்சியைச் சோதனைக்கு முந்திய சில மாதங்கள் குறைக்கலாம், நிப்பாட்ட வேண்டாம். அதை அப்பாவும் உடற்கல்வி ஆசிரியரும் ஒரே மேசையில் இருந்து பேசட்டும். மாரியில் மைதானமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது வீட்டு மதிலில் இரண்டு காலாலும் மாறி மாறிப் பந்தடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் அடிக்கும்போதே மறுபக்கம் திரும்பிப் பார்த்துப் பழகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், தங்கச்சி. முழங்கால் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குக் கூட. ஃபீஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப்பை நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 2008இல் வெளிவந்த ஆய்வு அது. செலவு ஒன்றுமில்லை, யூடியூப்பிலேயே இருக்கிறது, ஆசிரியரிடம் காட்டுங்கள். பிள்ளை வழமைக்கு மாறாகக் களைத்து வந்தால் சோம்பல் என்று ஏசாமல் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க டொக்டரிடம் கூட்டிப்போங்கள். மாதவிடாய் தொடங்கிய, ஓடி விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது எளிதில் குறையும். முருங்கை இலை, நெத்தலி, முட்டை சாப்பாட்டில் இருக்கட்டும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது விடாது.