1934 பூகம்பமும் திருநெல்வேலிப் பேச்சும்

கேள்வி: பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று எங்கள் திருநெல்வேலியில்தான் காந்தி பேசினாராமே? அப்படியென்றால் பேரிடர்கள் தெய்வச் செயல்தானா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பேசியது உண்மைதான். 1934 ஜனவரி 24 அன்று, தீண்டாமை ஒழிப்புக்கான ஹரிஜன யாத்திரையில் வந்தபோது. தீண்டாமை விஷயத்தில் காந்தியோடு ஒத்துப்போன தாகூரே இதை ஏற்கவில்லை. இயற்கைச் சீற்றத்துக்குக் காரணம் இயற்கையில்தான் உண்டு, இதே வாதத்தை வைத்து எதிர்த்தரப்பு உங்கள் தலையிலும் பழிபோடலாமே என்று எழுதினார். அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்ட காந்தி, தொடர்பை நிரூபிக்கத் தம்மால் முடியாது, உள்ளுணர்வு அப்படிச் சொல்கிறது என்று பதில் எழுதினார். மேடையில் இதை எடுத்துச் சொல்பவர்கள் அந்தப் பதிலை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

ஜனவரி 15 பகல் 2.13-க்கு நடந்தது இதுதான். இந்தியாவைத் தாங்கி நகரும் பெரும் பாறைத் தகடான இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இமயமலைக்கு அடியில் நுழைகிறது. நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும் பாறையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் வழுக்கிவிடும். அன்று வழுக்கியது கிழக்கு நேபாளத்தில். பூகம்பத்தின் அளவு (மேக்னிட்யூட்) ஏறக்குறைய 8.

ஆனால் தொலைவில் பீகாரில் இருந்த சீதாமர்ஹி, மோதிஹாரி பக்கம் வீடுகள் ஏன் மண்ணில் இறங்கிச் சாய்ந்தன? அது ஆறுகள் கொண்டுவந்து போட்ட நுண்மணல் சமவெளி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். குலுக்கலில் மணல் துகள்களின் பிடி விட்டுப்போக, மேலிருக்கும் பாரம் தண்ணீர் மேல் விழுந்து, தரை கூழாகிவிடுகிறது. வெடிப்புகள் வழியே மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. தீண்டாமை திருநெல்வேலியிலும்தான் இருந்தது. இந்த மண்தான் இங்கே இல்லை.

கடவுளை நம்புவதற்கு இதெல்லாம் தடையில்லை. வீடு கட்டும்போது மட்டும் கொத்தனாரைக் கவனியுங்கள். ஜன்னல், கதவுக்கு மேல் மட்டும் லிண்டல் (கான்கிரீட் விட்டம்) போட்டுச் செலவை மிச்சம் பிடிப்பார்கள். பூகம்பத்தில் அந்த வீட்டின் சுவர்கள் மூலையில் பிரிந்து வெளிப்பக்கம் விழும், பின்னாலேயே கூரையும் வரும். லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவரையும் சுற்றி, எங்கும் அறுபடாமல், குறைந்தது 75 மி.மீ. கனத்தில் கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். உள்ளே இரண்டு கம்பிகள். மூலையில் வெட்டி நிறுத்தாமல், வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். மூலைகளில் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை நிமிர்ந்த கம்பியும் தேவை. ஈர மணல் நிலத்தில் பெல்ட் மட்டும் போதாது, வீடு அப்படியே முழுசாகச் சாய்ந்துவிடும். அங்கே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.