வார்டில் மட்டும் வேலை செய்த நர்ஸ், ஐசியு ரெசிடென்சி நேர்முகத்துக்கு எப்படித் தயாராவது?

இந்தக் கேள்வியை இன்று காலை இரவு டியூட்டி முடிந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். வந்து படுக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். இப்படியான ஒரு நேர்முகத்தில் ஒரு தடவை தோற்றவள் நான்.

ரெசிடென்சி என்று நீங்கள் எழுதியிருப்பதால் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே நர்ஸாக வேலை செய்ய எழுத வேண்டிய என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் பண்ணியிருப்பீர்கள். அங்கே அது பெரும்பாலும் ஒரு வருடப் பயிற்சி. புதிதாகப் படித்து வந்தவர்களை மூத்த நர்ஸ் ஒருவரோடு சேர்த்துவிட்டு, வகுப்பும் வேலையுமாகப் பழக்குவார்கள். நான் போனது கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் ஐசியு பயிற்சிக்கு. பெயர்தான் வேறு. கேட்கும் கேள்விகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவுக்குப் போன, என்னோடு ஒரே பச்சில் படித்த தோழிகள் இரண்டு பேரும் சொன்னார்கள்.

நான் தலைமை நர்ஸான மேற்றனும் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. ஒன்பது வருடம் வேலை, அதில் ஐந்து வருடம் ஐசியு. மூத்த சிஸ்டர்மார் இதைப் படித்தால் அங்கங்கே குறை காணலாம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

முதல் நேர்முகத்துக்கு நான் இரண்டு மாதம் படித்தேன். வென்டிலேட்டர் மோட்கள், இரத்த வாயு அறிக்கை, ஈசிஜி, நோயாளியின் நினைவு நிலையை அளக்கிற கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று எல்லாம் மனப்பாடம். மூன்று பேர் இருந்தார்கள். கேட்ட பாடக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியாக மயக்க மருந்து டொக்டர் கேட்டார்: "நோயாளி ஒருவர் விஷயத்தில் நீங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள்."

"அப்படி ஒன்றும் இல்லை சேர்."

மேற்றன் என் ஃபைலை மூடினார். அவ்வளவுதான்.

என் சிங்களம் தடுமாறியதால்தான் எடுக்கவில்லை என்று ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மொழிப் பிரச்சினையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வவுனியாவிலிருந்து வந்து, சிங்களத்தில் ரிப்போர்ட் கொடுத்து, ஆங்கிலத்தில் சார்ட் எழுதி, தமிழில் நோயாளியோடு கதைக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாரம் தெரியும். ஆனால் அன்று நான் தோற்றது அதனால் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை நான் மறைத்தேன்.

அதற்கு எட்டு மாதம் முன்னர் மெடிக்கல் வார்டில் இரவு டியூட்டி. நியூமோனியா என்று வந்திருந்த ஐயா ஒருவர். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக மற்ற விவரங்களை விடுகிறேன். பதினொன்றரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "மூச்சு முட்டுது பிள்ளை, தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி விடு" என்றார். உயர்த்திவிட்டேன். விரலில் மாட்டியிருந்த ஒக்சிஜன் மீட்டர் 96 காட்டியது. சார்ட்டில் மூச்சு நிமிடத்துக்கு 20 என்று இருந்தது. பின்னேரமும் 20, மத்தியானமும் 20. வார்டில் வேலை செய்தவர்களுக்கு இந்த 20 எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எண்ணாமல் எழுதுகிற இலக்கம் அது.

நான் அவருடைய நெஞ்சில் கையை வைத்து, சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 28. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. கழுத்துத் தசை இறுகித் தெரிந்தது. 28 என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஏன் டொக்டரைக் கூப்பிடவில்லை? பத்து மணிக்கு வேறொரு நோயாளிக்காகக் கூப்பிட்டபோது "இதுக்கெல்லாம் எழுப்புவீர்களா" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியிருந்தார். இரண்டாம் தடவை ஏச்சு வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மணிக்கு எண்ணினால் 32. அப்போதும் காத்திருந்தேன். மூன்றரைக்கு ஐயா தூங்கி விழ ஆரம்பித்த பிறகுதான் ஃபோனை எடுத்தேன். விடிவதற்குள் ஐசியுவில் மூச்சுக் குழாய் போட வேண்டி வந்தது. அவர் பிழைத்து, நடந்துதான் வீட்டுக்குப் போனார். ஆனாலும் அந்த நான்கு மணித்தியாலம் என் கையில் இருந்தது.

உங்களுக்குப் பாடமாகவும் இது தேவைப்படும். நோயாளி மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கை. 96 என்று நின்றதே அந்த ஐயா அவ்வளவு வேகமாக மூச்சு வாங்கி அதைப் பிடித்து வைத்திருந்ததால்தான். களைத்துப்போனதும் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. நோயாளி மோசமாகிறாரா என்று புள்ளி போட்டுப் பார்க்க பிரித்தானியாவில் பாவிக்கும் நியூஸ் 2 முறையில் மூச்சு 25க்கு வந்தாலே அதற்கு மட்டும் 3 புள்ளி. ஒரே அளவீட்டில் 3 வந்தால், மொத்தம் குறைவாக இருந்தாலும் டொக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் கழித்து வேறொரு இடத்தில் அதே கேள்வி வந்தது. இந்த முறை சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுதாகச் சொன்னேன். கத்திய டொக்டரைப் பற்றிக் குறை சொல்லவில்லை, பயந்தேன் என்று மட்டும் சொன்னேன். "28 என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். உள்ளங்கையை மேசையில் வைத்து, எப்படி எண்ணினேன் என்று காட்டினேன். "இப்போது என்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" என்றார்கள். அதற்குத்தான் நான் உண்மையில் தயாராகப் போயிருந்தேன்:

"டொக்டர், நான் மெடிக்கல் வார்ட் நர்ஸ். நாலாம் கட்டில் நோயாளிக்கு மூச்சுத் திணறல் கூடுகிறது. நியூமோனியா, இன்று இரண்டாம் நாள், அன்டிபயோட்டிக் போகிறது. பின்னேரம் 20 என்று எழுதியிருந்த மூச்சு, நான் எண்ணும்போது 28. ஒக்சிஜன் மாஸ்க்கோடு 96, கழுத்துத் தசையால் இழுக்கிறார். களைத்து விழப் போகிறார் என்று பயப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வரும் வரை நான் என்ன செய்யட்டும்?"

நோயாளியைப் பற்றி டொக்டருக்கு ஒழுங்காகச் சொல்கிற எஸ்பார் (SBAR) முறை இதுதான். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கிய முறை என்பதால் அங்கே கட்டாயம் இதைப் பற்றிக் கேட்பார்கள் என்று வையுங்கள். படித்துவிட்டுப் போனால் போதாது. நேர்முகம் ஆங்கிலத்தில் என்றால் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் பத்துப் பதினைந்து நாள் என் அறைத் தோழியை டொக்டராக உட்கார்த்தி வைத்து, அவள் தூக்கக் கலக்கத்தோடு "என்ன?" என்று கேட்க, சொல்லிப் பழகினேன்.

பாடத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டாதீர்கள். வார்டிலிருந்து வருகிற ஒருவரிடம் வென்டிலேட்டரின் நுட்பமெல்லாம் எதிர்பார்க்க மாட்டார்கள். அலாரம் அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மெஷினில் கை வைக்காமல் முதலில் ஆளைப் பாருங்கள். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா, குழாய் இடம் மாறியிருக்கிறதா, கடித்து அல்லது மடிந்து இருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கட்டியிருக்கிறதா. ஒன்றும் பிடிபடாமல் ஆளின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்றால் மெஷினைக் கழற்றி, முழு ஒக்சிஜனில், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கால் ஊதிக்கொண்டே ஆட்களைக் கூப்பிட வேண்டும். இந்த ஒழுங்கில் சொன்னால் போதும்.

சராசரி இரத்த அழுத்தத்தை மனக்கணக்காகப் போடப் பழகுங்கள். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் பிரிப்பது. 80க்கு 50 என்றால் 60. கிருமித் தொற்று அதிர்ச்சியில் 65க்குக் குறைய விடக் கூடாது என்பதால், அந்த எண்ணைக் கண்டதும் நீங்கள் அசைய வேண்டும். அப்புறம் பொட்டாசியத்தை ஊசியில் எடுத்து நேரே இரத்த நாளத்தில் தள்ளவே கூடாது, இதயம் நின்றுவிடும். எவ்வளவு சின்னக் கேள்வியாகக் கேட்டாலும் இதில் தயங்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் கேட்பீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐசியுவில் ஊகித்து வேலை செய்கிறவளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று முடிவில் கேட்பார்கள். எத்தனை மாதம் மூத்த நர்ஸோடு நிற்க விடுவீர்கள், தனியாக வென்டிலேட்டர் நோயாளியை எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்டபோதுதான் அந்த மேற்றன் முதல் தடவையாகச் சிரித்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் நர்ஸ் பிள்ளைகளுக்கு அறை எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆஸ்பத்திரியில் "மிஸ், மிஸ்" என்று கையைப் பிடித்து அழுகிற சனம்தான், வீடு கேட்டுப் போனால் "நைட் டியூட்டியா, அது சரிவராது" என்று கதவைச் சாத்துகிறது. இப்போது இருக்கிற வீட்டு அன்ரி இரவு ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார். காலையில் நான் படுக்கும் நேரம் பார்த்து, பகல் முழுக்கத் தூங்குகிற பெட்டை என்று அடுத்த வீட்டுக்குச் சொல்வார். ஒரு உயிரைப் பிடித்து வைத்துவிட்டு வந்து படுக்கிறவளை இப்படிச் சொன்னால் வலிக்கும். வாடகை கூடச் சொன்னால்கூடப் பரவாயில்லை, இந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

இதைச் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. உங்கள் நேர்முகம் வீடியோவில் என்றால், நியூயோர்க்கில் காலை பத்து மணி நமக்கு இரவு ஏழரை. அங்கே குளிர்காலம் என்றால் எட்டரை. வீட்டில் ரிவி சத்தம் இருக்கிற நேரம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று இரவு டியூட்டி போட்டிருந்தால் இன்றைக்கே சிஸ்டரிடம் போய்க் கேளுங்கள். ரோஸ்டர் ஒட்டிய பிறகு ஒருவரும் மாற மாட்டார்கள்.