டின்னில் கிடந்த விதை முளைக்குமா?

கேள்வி: காலமான என் மாமியார் சேர்த்து வைத்த காய்கறி விதைகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. கத்தரி, வெண்டை, பாகல், அவரை, மிளகாய், வெங்காயம். பொட்டலங்களில் தேதி இல்லை. மூன்று வருடத்துக்குக் குறையாது. ஆடியில் விதைக்க ஆசை. தண்ணீரில் போட்டு, மூழ்கும் விதையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: தண்ணீரை நம்ப வேண்டாம். மூழ்கும் விதை கனமானது, அவ்வளவுதான். செத்துப்போன வெண்டை விதையும் அடியில் போய் உட்காரும்; ஓட்டுக்குள் காற்று இருந்தால் நல்ல பாகல் விதையும் மிதக்கும். உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு விதைநெல்லைத் தரம் பிரிப்பார்களே, அந்தப் பழக்கத்தைப் பார்த்து வந்த யோசனையாக இருக்கலாம். அங்கே பதர் போனால் வேலை முடிந்தது. உங்களுக்கோ உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். போதாததற்கு, காய்ந்து கிடந்த அவரையைத் திடீரென்று நீரில் அமுக்கினால், வேகமாக நீரை இழுத்துப் பருப்பு விரிசல் விட்டுவிடும்.

ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணி போதும். கொதிநீரில் அலசி, ஆறியதும் முறுக்கிப் பிழியுங்கள். விரலால் அழுத்திப் பார்த்தால் நகத்தைச் சுற்றி நீர் கட்டக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: சொட்டச் சொட்ட நனைத்து வைத்தால் விதை மூச்சு முட்டி அழுகும், பழி விதையின் வயதின்மேல் விழும்.

ஒவ்வொரு ரகத்திலும் 20 விதை எடுங்கள். பொறுக்காதீர்கள், கை தானாகப் பருத்ததைத் தேடும். பொட்டலத்தைக் குலுக்கிவிட்டுக் கண்ணை மூடி அள்ளுங்கள். பரிசோதனைக் கூடத்தில் 400 விதை வைப்போம், வீட்டில் அது நடக்காது. ஆனால் பத்து போதாது. நூற்றுக்கு 70 முளைக்கும் குவியலிலிருந்து பத்து எடுத்தால், ஐந்து மட்டுமே முளைப்பதும் உண்டு.

விதைகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, துணியைப் பாய்போல் சுருட்டி, வாய் கட்டாத பிளாஸ்டிக் பையில் நிழலில் வையுங்கள். பெயர்ச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். தினமும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அவரைக்கு 10 நாள், வெங்காயத்துக்கு 12, கத்தரி, மிளகாய், பாகலுக்கு 14. வெண்டைக்கு 21 நாள் வரை பொறுக்கலாம்.

வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்ததும் முளைத்ததாக எண்ணிவிடாதீர்கள். பழைய விதையின் ஏமாற்று வேலை இதுதான். முளைவேர் வரும், அரிசி நீளத்தில் நிற்கும், நுனி பழுக்கும். வேர் நீண்டு, தண்டு நிமிர்ந்து, வித்திலை விரியக்கூடியதை மட்டும் கணக்கில் சேருங்கள். என்றைக்கு முளைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரியில் பெரும்பகுதி 7, 8 நாளில் வந்துவிட்டால் நல்லது. 12ஆம் நாள்தான் சோம்பலாகத் தலைகாட்டினால், எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் வீரியம் போய்விட்டது. அதைப் பாத்தியில் தூவாமல் நிழலில் குழித்தட்டில் வளர்க்க வேண்டும்.

கடைசி நாளில் முளைக்காததை நசுக்கிப் பாருங்கள். கூழாகிச் சீழ்போல் வழிந்தால் செத்தது. வெண்டையிலும் அவரையிலும் சில உப்பாமல் கல்லாகவே கிடக்கும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். தோல் நீரை விடாததுதான் காரணம். விதையின் கண்ணுக்கு, அதாவது காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு, எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் லேசாக உரசித் திரும்ப வையுங்கள்.

அரசுச் சான்று பெற்று விற்கும் விதைக்கு நம் நாட்டில் கத்தரி 70, வெண்டை 65, பாகலும் மிளகாயும் 60 சதவீதம் முளைக்க வேண்டும். உங்கள் வெண்டை 20க்கு 11, அதாவது 55 வந்தது என்று வைத்துக்கொள்வோம். குழிக்கு இரண்டு விதை போட்டால் நூறில் சுமார் 20 குழி காலியாக நிற்கும். மூன்று போட்டால் 9தான். ஆக, மூன்று போடுங்கள். முப்பதுக்குக் கீழே போனால் கடையில் கிடைக்கும் ரகத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

வெங்காயத்தில் ஆசை வைக்காதீர்கள். நம் வெக்கையில் அது ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. மிளகாய் அடுத்த பலவீனம். கத்தரியும் பாகலும்தான் நீண்ட நாள் நிற்பவை. அவரையில் வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தக் கத்தரி மாமியார் வழிவழியாகக் காத்து வந்த நாட்டு ரகம் என்றால் என் கணக்கு மாறும். 20க்கு இரண்டு முளைத்தாலும் அந்த இரண்டையும் துணியிலிருந்து வேர் ஒடியாமல் எடுத்து மண்ணில் வையுங்கள், பொட்டலத்தில் மீதி இருப்பதையும் முழுக்கத் தட்டில் விதைத்துவிடுங்கள். ஒரு செடியில் ஒரு பழம் முற்றினால் பல நூறு விதை கிடைக்கும்.

ஆடி பிறக்கும் முன் முடிவு தெரிய வேண்டுமானால் வெண்டையையும் கத்தரியையும் மிளகாயையும் இன்றே சுருட்டி வையுங்கள். மற்றவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம்.