சீசன் இல்லை, பட்டம்

கேள்வி: ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை மூன்றே சீசனில் நிறுத்திவிட்டார்கள். 14 நாவல்களைக் கொஞ்சம் எபிசோடுக்குள் அடக்க நினைத்ததுதானே தப்பு? நம் ‘பொன்னியின் செல்வ’னை வெப் சீரிஸாக எடுத்தால் எத்தனை சீசன் வைக்கலாம்?
– ஒரு வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பாபநாசத்தில் இருந்துகொண்டு ‘சீசன்’ என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனாலே உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

தொடர்களின் சீசனைப் ‘பருவம்’ என்று தமிழாக்குகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் நெடுநாளாகச் சண்டை நடக்கிறது. இன்றும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பருவம் தானாக வரும், தானாகப் போகும். அதற்கு யாரும் பொறுப்பாளி கிடையாது. தொடரின் சீசன் அப்படியா வருகிறது? எந்த விதையை எப்போது விடுவது, எப்போது அறுப்பது என்று ஆட்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். டெல்டாவில் அதற்குப் பெயர் பட்டம். குறுவைப் பட்டம், சம்பாப் பட்டம், தாளடிப் பட்டம். காற்றாடியோடும் கல்லூரிப் பட்டத்தோடும் குழம்பிவிடும் என்பார்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்ட யாருக்கும் இதுவரை காற்றாடி ஞாபகம் வந்ததில்லை.

பட்டத்துக்கு அடுத்தது ரகம். ஆடுதுறை 36-க்கு 110 நாள். சி.ஆர். 1009-க்கு 155 நாளுக்குக் குறையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்ததும் குறுவையாக ஆடுதுறை 36 விட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் களத்துக்கு வந்துவிடும். அதே ஜூனில் சி.ஆர். 1009 விட்டால் அறுப்பு நவம்பர் நடுவுக்குத் தள்ளிப்போகும். ஐப்பசி அடைமழையில் கதிர் சாய்ந்து, சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து, நெல் வயலிலேயே முளைவிடும். ரகத்திலும் குற்றமில்லை, பட்டத்திலும் குற்றமில்லை. இரண்டையும் சேர்த்து வைத்த கைதான் பொறுப்பு.

‘வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜாலக் கதை நீண்ட நாள் ரகம், சந்தேகமே இல்லை. ராபர்ட் ஜோர்டன் எழுதிய இந்த வரிசையின் முதல் நூல் வந்தது 1990-ல். அவர் 2007-ல் இறந்துபோனார். விட்டுப்போன குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று நூல்களை பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-ல் முடித்தார். அமேசான் பிரைம் எடுத்தது பட்டத்துக்கு எட்டு எபிசோட் வீதம் மூன்று பட்டம், மொத்தம் 24. 14 நூலுக்கு 24 எபிசோட் போதாது என்பது சரி. ஆனால் தொடர் செத்தது அந்தப் பற்றாக்குறையால் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீளம் கொல்லவில்லை. தண்ணீர் முறை தவறியதுதான் கொன்றது.

கணக்கைப் பாருங்கள். முதல் பட்டம் 2021 நவம்பரில் தொடங்கியது. மூன்றாம் பட்டத்தின் கடைசி எபிசோட் 2025 ஏப்ரலில் வந்தது. மூன்று வருஷம் ஐந்து மாதம். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் ஓடியது 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, ஏறக்குறைய அதே காலம். அந்தக் காலத்துக்குள் கல்கி எழுதி முடித்தது 293 அத்தியாயம். வாரத்துக்குச் சராசரி ஒன்றரை அத்தியாயம், கூடவே மணியத்தின் படம். கதை மாந்தர் கூட்டம் அதிலும் பெரியதுதான். வாரம் தவறாமல் வாய்க்காலில் தண்ணீர் வந்ததால் படிக்கிறவர்களுக்கு யாரும் மறக்கவில்லை.

பிரைம் தொடரில் முதல் பட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 20 மாதம் காய்ந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 17 மாதம். நெல்லுக்குத் தண்ணீர் எப்போது அவசியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் புடைத்து நிற்கும் தொண்டைக் கதிரில் தொடங்கிப் பால் பிடிக்கிற வரை. அந்த நேரத்தில் வயல் வெடித்தால் பயிர் பச்சையாகத்தான் நிற்கும், உள்ளே பதர். ஒரே கிராமத்து இளைஞர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்து, எவர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பவர் மனசில் பதிய வேண்டிய இடத்தில் அந்த 20 மாதம் வந்து விழுந்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொரோனாவால் படப்பிடிப்பு நின்று மறுபடி தொடங்கியபோது, அந்த இளைஞர்களில் ஒருவனான மேட் வேடத்தில் நடித்த பார்னி ஹாரிஸ் திரும்பவில்லை. முதல் பட்டத்தின் கடைசி இரண்டு எபிசோடை மேட் இல்லாமலே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இரண்டாம் பட்டத்தில் அந்த வேடத்துக்கு டோனல் ஃபின் வந்தார். நன்றாகவே நடித்தார், போகப் போகத் தொடரின் பெரிய பலமே அவர்தான். ஆனால் பாடுவாசி நிரப்புவதற்கு ஒரு கெடு இருக்கிறதே. நட்ட ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் செத்த குத்துக்குப் பதில் நாற்று வைத்தால், கூட நின்ற பயிரோடு சேர்ந்து வளரும். பிந்தி வைத்தால் மற்றது கதிர் தள்ளும்போது இது தூர் கட்டிக்கொண்டிருக்கும். ஃபின்னுக்கு நேர்ந்தது அதுதான். இரண்டாம் பட்டம் முழுக்க அவர் பிடித்து வளர்வதிலேயே போயிற்று.

மூன்றாம் பட்டத்தில் எல்லாம் கூடிவந்தது. நான்காம் எபிசோடை மட்டுமாவது பாருங்கள். ரூயிடியன் என்ற பாழடைந்த நகரத்தில் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே கதாநாயகன் ராண்ட் நடக்கிறான். அடி வைக்க வைக்க அவனுடைய முன்னோரில் இன்னும் பழைய ஒருவராக மாறிக்கொண்டே போகிறான். அத்தனை முன்னோராகவும் வருவது ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கி ஒருவர்தான். முகமும் வயசும் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு. காலம் பின்னோக்கிப் போவதால் விளைவு முதலில் தெரிகிறது, காரணம் பிறகு வருகிறது. ஈட்டி எடுத்துச் சண்டையே வாழ்க்கையாக இருக்கும் ஐயல் இனத்தின் மூதாதைகள், ஆயுதத்தைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டவர்கள் என்பது அந்தத் தூண்களுக்கு நடுவேதான் தெரிகிறது. நாவலின் நான்காம் நூலில் இருக்கும் முறை இதுவே. புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் கை வைத்தால் இப்படி வரும். இது வந்தது 2025 மார்ச்சில். மே மாதம் மதகை இறக்கிவிட்டார்கள். செலவுக்கும் பார்க்கிறவர்கள் எண்ணிக்கைக்கும் கட்டவில்லை என்று செய்தி. பார்க்கிறவர்களை 17 மாதம் வேறு வாய்க்காலுக்குப் போகவிட்டுவிட்டு எண்ணிப் பார்த்தால் எப்படிக் கட்டும்?

நாவல்களிலிருந்து எடுத்த இன்னொரு தொடரான ‘ஷன்னாரா க்ரோனிக்கிள்ஸ்’ கதையும் இதுதான். எம்டிவியில் 10 எபிசோட், 19 மாத இடைவெளி, அப்புறம் ஸ்பைக் என்ற வேறு சேனலில் 10, அத்தோடு சரி. 2007-ல் வந்த ‘ட்ரெஸ்டன் ஃபைல்ஸ்’ இன்னும் மோசம். அறிமுகமாக எடுத்த முதல் கதையைச் சுருக்கி எட்டாவதாக ஒளிபரப்பினார்கள். 12 எபிசோடில் முடிந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டு பட்டம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு எபிசோட் 45 நிமிஷம், அதில் சராசரி ஆறு அத்தியாயம் தாங்கும். முதல் மூன்று பாகம் 156 அத்தியாயம், 26 எபிசோட். ‘கொலைவாள்’ முடியும் இடத்தில் முதல் பட்டத்தை அறுக்கலாம். மீதி 137 அத்தியாயம், 23 எபிசோட். மொத்தம் 49, சுமார் 37 மணி நேரம். மணி ரத்னத்தின் இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம்தான். வாரம் ஒன்று வீதம் விட்டு, இரண்டு பட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு வாரத்துக்கு மேல் காயவிடாமல் இருந்தால் பதினான்கு மாதத்தில் முடிந்துவிடும். எட்டு எட்டாகப் பிரித்து ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை விட்டால் ஏழு பட்டம், ஒன்பது வருஷம் ஆகும். கதை நடப்பதோ ஒரு வருஷத்துக்குள். ஆடியில் குதிரை ஏறிய வந்தியத்தேவனுக்குக் கதை முடிவதற்குள் ஒன்பது வயசு கூடிவிடும்.

இதற்கு 49 எபிசோடின் வசனமும் கையில் வந்த பிறகுதான் கேமராவைத் தொட வேண்டும். முழுவதையும் எடுத்து முடித்த பிறகுதான் முதல் எபிசோடை விட வேண்டும். நாற்றங்காலில் மாதத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். ஐந்து மாதப் பயிருக்கு ஐந்து வார நாற்று. எழுத்து மேஜையில் அதே கணக்கைக் கடைப்பிடித்தால் பின்னால் பாடுவாசி குறையும். மணி ரத்னம் அந்த இரண்டு படங்களையும் சேர்த்தே எடுத்ததால்தான் ஏழே மாதத்தில் இரண்டாவதும் திரைக்கு வர முடிந்தது. முதல் எபிசோட் மட்டும் ஆறு அத்தியாயத்தில் நிற்கக் கூடாது. நடுநிசிக் கூட்டத்தைத் தாண்டி எட்டாம் அத்தியாயம் வரை போய், பல்லக்கிலிருந்து மதுராந்தகர் வெளியே வரும் இடத்தில்தான் ‘தொடரும்’ போட வேண்டும்.

முதல் காட்சிக்கு வீராணம் ஏரி ஆடிப்பெருக்கன்று அலையடிக்க வேண்டும், அதைக் கம்ப்யூட்டரில் வரையக் கூடாது. கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்தால்தான் ஏரி நிரம்பும். அது மேட்டூர் எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜூன் 12-ல் திறந்த வருஷமானால் ஜூலைக் கடைசியில் கரைக்குப் போய் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு ஆடி 18-க்குத் தேதி வாங்கலாம். பிந்தித் திறந்த வருஷமானால் அரண்மனைக் காட்சிகளை முதலில் எடுத்துக்கொண்டு, ஏரியை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளட்டும்.