அமெரிக்காவில் மாஸ்டர் கார்டனர் தன்னார்வலர் ஆக வேளாண் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். மாஸ்டர் கார்டனர் என்றால், பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர்க்காரர்களின் தோட்டச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் தன்னார்வலர், அவ்வளவுதான். நீங்கள் ஐடி வேலையில் இருப்பீர்கள், வீட்டுக்குப் பின்னால் நாலு தொட்டி வைத்திருப்பீர்கள், "நமக்கென்ன தெரியும், நாம் போய் ஊருக்குச் சொல்லிக்கொடுப்பதா" என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும், அதனால் "எங்கள் ஊரில் அப்படியில்லையே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இதே கேள்விக்கு ஒருவர் "வேலைவெட்டி இல்லாதவர்கள் பொழுதுபோக்கச் சேர்வது" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

1970களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில், வீட்டுத் தோட்டக்காரர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி மாளாமல் வேளாண் விரிவாக்க அலுவலர்கள் (பல்கலைக்கழக ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுசேர்ப்பவர்கள்) திணறினார்கள். ஆர்வமுள்ள பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே பதில் சொல்ல வைப்போம் என்று 1973இல் தொடங்கியதுதான் இந்த மாஸ்டர் கார்டனர் திட்டம். டெக்சாஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு நடத்துகிறது. குறைந்தது 50 மணி நேர வகுப்பு, அப்புறம் ஓராண்டுக்குள் 50 மணி நேரச் சேவை. மண், பூச்சி, நோய், காய்கறி, மரம், புல்தரை எல்லாம் வரும். உங்கள் பின்னணியையும் சரிபார்ப்பார்கள். மாஸ்டர் கார்டனர் என்ற பெயரை வைத்துக் காசு பார்க்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, ஆராய்ச்சியில் தேறியதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது. பாட்டி வைத்தியத்தை நான் மட்டம் தட்டவில்லை. என் செடிக்கு நானே புளித்த மோர் தெளிப்பவள்தான். ஆனால் மாஸ்டர் கார்டனராக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் செடி மருத்துவ மேசை போட்டிருந்தோம். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, ஜிப்லாக் பையில் கறிவேப்பிலைக் கொழுந்தைப் போட்டு எடுத்து வந்தார். "கண்ணு, நீ தமிழா? இதுல ஏதோ வெள்ளை வெள்ளையா நூலாட்டம் இருக்குது, பாரு" என்றார். பையைத் திறக்காமலே லென்ஸை வைத்துப் பார்த்தேன். இளந்தளிரின் இடுக்கில் மஞ்சளாக, தட்டையாகக் குஞ்சுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. காம்பில் ஒரு தாய்ப்பூச்சி, நாலு மில்லிமீட்டர்கூட இருக்காது, தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருந்தது. ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற, சாறு உறிஞ்சும் பூச்சி.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இந்தப் பூச்சிக்கு இரண்டுமே பிடிக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு இது கொண்டுவரும் சிட்ரஸ் கிரீனிங் நோயை முழுதாகக் குணப்படுத்த இதுவரை மருந்து கிடையாது. 2005இல் ஃபுளோரிடாவில் இந்த நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அங்கே ஆரஞ்சுத் தோப்புகள் சீரழிந்துவிட்டன. 2012இல் டெக்சாஸுக்கும் வந்துவிட்டது.

அந்த அம்மா அடுத்த வாரம் கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளுக்கு அந்தச் செடியிலிருந்து ஒரு கன்றைக் கொடுத்தனுப்ப இருந்தார். அனுப்பக் கூடாது, எங்கள் பகுதி, இந்த மாதிரிச் செடிகளை வெளியே கொண்டுபோகத் தடை உள்ள நோய்த்தடுப்பு எல்லைக்குள் இருக்கிறது, சட்டப்படியே தவறு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "ஒரு கன்னுதானே கண்ணு" என்றார். பூச்சியை லென்ஸில் அவரையே பார்க்கச் சொல்லி, ஒரு கன்றோடு எத்தனை முட்டை போகும் என்று விளக்கினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அவளையே அங்க வாங்கிக்கச் சொல்லிடறேன்" என்றார். எங்கள் குழுவில் இருப்பவர்கள் என்னைவிட எவ்வளவோ அனுபவசாலிகள். ஆனால் அன்று அந்த அம்மாவிடம் தமிழில் பேச நான் மட்டும்தான் இருந்தேன். இதை வேலைவெட்டி இல்லாதவர் செய்வது என்று சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அந்த அம்மா செடியைப் பற்றிப் பேசியதைவிடத் தன்னைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். காலையில் எல்லோரும் கிளம்பிவிட்டால் சாயந்திரம் வரை பேச ஆள் கிடையாது, நடந்து போக ஒரு கடை கிடையாது. பெற்றோரை ஆறு மாதம் கூட்டி வருகிறோம், விமான டிக்கெட்டும் காப்பீடும் பார்த்துப் பார்த்து எடுக்கிறோம், பகலில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசிப்பதில்லை. எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் பெரியவர்களில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். வாரம் ஒரு நாள் ஒரு சமூகத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவது அவ்வளவு கஷ்டமா?

சரி, உங்கள் விஷயம். உங்கள் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விரிவாக்க அலுவலகத்தைக் கூப்பிட்டு அடுத்த பயிற்சி எப்போது என்று கேளுங்கள். பல இடங்களில் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். வகுப்பு வார நாள் பகலில் இருக்கலாம், அதனால் மாலை வகுப்போ இணைய வகுப்போ உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் தமிழ் பேசுவீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.